கோடு விழாவிட்டால் கொடுக்கலாமா?

கேள்வி: என் ஆறு வயது மகனுக்கு நிலக்கடலை ஒவ்வாமை. உணவில் கடலை இருக்கிறதா என்று வீட்டிலேயே சோதிக்கும் பட்டைகள் இணையத்தில் கிடைக்கின்றன. கடை இனிப்பை அதில் சோதித்துவிட்டு அவனுக்குக் கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். பட்டை போலி என்று சொல்லவில்லை. உணவுத் தொழிற்சாலைகளிலும் அதே வகைதான் புழங்குகிறது. ஆனால் அங்கே பெரும்பாலும் கழுவி முடித்த இயந்திரத்தைத் துடைத்தெடுத்துச் சோதிப்பார்கள். இனிப்பு விஷயம் வேறு.

பட்டையில் நிறத்துகளோடு ஓடிவரும் எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) கடலைப் புரதத்தை ஒரு பக்கம் பிடிக்கும். கோட்டில் காத்திருக்கும் எதிர்ப்பொருள் மறுபக்கம் பிடிக்கும். இரண்டும் சேர்ந்தால்தான் கோடு தெரியும்; கோடு விழுந்தால் கடலை இருக்கிறது என்று பொருள். புரதம் அளவுக்கு மீறி இருந்தால் இரண்டும் தனித்தனியே நிரம்பிவிடும், கோடு விழாது. கடலை மிட்டாயையே கரைத்து ஊற்றி, ‘கடலை இல்லை’ என்ற பதிலை வாங்கிவிட முடியும்! இதைக் காட்டிக்கொடுக்கவே சில பட்டைகளில் கூடுதலாக ஒரு கோடு வைக்கிறார்கள்.

வறுத்த கடலையின் புரதம் எளிதில் கரைந்து வராது. சாக்லேட்டில் உள்ள பாலிஃபீனால்கள் என்ற தாவரச் சேர்மங்கள் புரதத்தைப் பற்றிக்கொள்வதால், ஆய்வகங்களில் மீன் ஜெலட்டின் போன்றவற்றைச் சேர்த்துப் பிரித்தெடுக்க வேண்டியிருக்கிறது. சமையலறையில் அதெல்லாம் நடக்காது. போதாததற்கு, நீங்கள் கிள்ளிச் சோதித்த துண்டு வேறு, மகன் தின்னும் துண்டு வேறு.

பொட்டல உணவென்றால் லேபிளைப் பாருங்கள். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு லேபிள் விதிமுறைப்படி நிலக்கடலை இருந்தால் ‘கன்டெய்ன்ஸ்’ என்று தனியே அறிவிக்க வேண்டும். தவறிக் கலக்க வாய்ப்பிருந்தால் ‘மே கன்டெய்ன்’ என்று போட்டிருக்கலாம், அதையும் ஒதுக்கிவிடுங்கள். இந்த அறிவிப்பிலிருந்து எண்ணெய்களுக்கு விலக்கு உண்டு என்பதால் உட்பொருள் பட்டியலையும் படிக்க வேண்டும். நன்றாகச் சுத்திகரித்த கடலை எண்ணெயில் புரதம் அநேகமாக இராது. செக்கு எண்ணெயில் தங்கியிருக்கும். ‘இயற்கையானது’ என்று நம்பி வாங்குகிறவர்கள் கவனிக்க.

தட்டில் அடுக்கி நிறுத்துக் கொடுக்கும் இனிப்புகளை அடியோடு தவிர்ப்பதே என் ஆலோசனை. ஒரே இடுக்கி எல்லாத் தட்டுக்கும் போகும். முந்திரி பர்ஃபியில் விலை குறைந்த கடலைத்தூள் கலப்பதும் உண்டு.

கடும் ஒவ்வாமைக்கு அவசரமாகப் போடும் அட்ரினலின் ஊசி பற்றி ஒவ்வாமை மருத்துவரிடம் இப்போதே கேளுங்கள். மூச்சுத் திணறலோ மயக்கமோ வந்தால் அவர் சொல்லிக்கொடுத்தபடி அதைத் தொடையில் போட்டுவிட்டு 108ஐ அழையுங்கள். செட்டிரிசின் என்ற ஒவ்வாமை மாத்திரை அதற்கு மாற்று அல்ல.