போகாதவனின் பாட்டு

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் பந்தலூர் பக்கம் ஒரு பள்ளியில் தமிழாசிரியை. அம்மா வழியில் சிலோனிலிருந்து திரும்பி வந்த குடும்பம். அம்மாவின் பெரியப்பா வீட்டார் மலேயாவில் ரப்பர் தோட்டத்தில் இருந்தார்கள். இந்த ஆகஸ்ட் 15-க்கு எங்கள் ஊர் இளைஞர்களையும் கொழுந்து பறிக்கும் பெண்களையும் சேர்த்து, பள்ளி மைதானத்தில் ஓர் இசை நாடகம் போட எண்ணி எழுதிவருகிறேன். நேதாஜியின் படையில் சேர்ந்த தோட்டத் தமிழர்கள்தான் கதை. ரப்பர் பால்வெட்டுக்காரி ஒருத்தி 1943-ல் நேதாஜியின் பேச்சைக் கேட்டு, காதில் கிடந்த தோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, நேதாஜியின் பெண்கள் படையான ஜான்சி ராணிப் படையில் சேர்கிறாள். பர்மாப் போர்முனையில் கொடியைப் பிடித்தபடி பாடிக்கொண்டே சாகிறாள். படைக்குப் பயந்து ஒளிந்துகொள்ளும் அவளுடைய அண்ணன்தான் நகைச்சுவைப் பாத்திரம். எழுதியவரை இணைத்திருக்கிறேன்.

எனக்கு மூன்று சந்தேகங்கள். பாட்டும் ஆட்டமுமாகப் போட்டால் போரின் கனம் குறைந்துவிடுமா? பதிவு செய்த இசையை ஓடவிடலாமா, ஆர்மோனியக்காரரை அழைத்துத்தான் ஆக வேண்டுமா? நேதாஜியை மேடையில் காட்டலாமா?

— ஓர் ஆசிரியை, பந்தலூர்

அன்புள்ள ஆசிரியைக்கு,

தோட்டத்துச் சனங்கள் சுதந்திரப் போரில் என்னவாக இருந்தார்கள் என்ற கேள்வி கொஞ்ச காலமாகவே என் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம் வந்தது. இல்லாவிட்டால், உண்மையைச் சொல்கிறேன், பதில் போட்டிருக்க மாட்டேன். நாடகப் பிரதிகள் எனக்கு நிறைய வருகின்றன.

உங்கள் கேள்விகளைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். பாட்டு கனத்தைக் குறைக்குமென்றால் வெள்ளைக்காரன் 1876-ல் நாடகத்துக்கென்று தனியாக ஒரு சட்டம் போட்டிருக்க மாட்டான். நம்மூரில் நாடக நடிகர் விஸ்வநாததாஸ் வள்ளி திருமணத்துக்கு நடுவே தினைப்புனத்துக் கொக்கை விரட்டிப் பாடுவார். கொக்கு என்ன நிறம் என்று கொட்டகையில் இருந்த ஒவ்வொருவருக்கும் தெரியும், ஓரமாக நின்ற போலீஸ்காரர் உட்பட. 1940 டிசம்பர் 31 இரவு, சென்னையில், முருகன் வேடத்தில் மயில் மேல் உட்கார்ந்து பாடிக்கொண்டிருக்கும்போதே அவர் உயிர் போனது. இதற்கு மேல் என்ன கனம் வேண்டும் உங்களுக்கு? நேதாஜியைக் காட்ட வேண்டாம். கண்ணாடியும் தொப்பியும் மாட்டி ஒரு பையன் வந்து நின்றால் சனம் கை தட்டும், அந்தக் கைதட்டலோடு உங்கள் நாடகம் முடிந்துவிடும். ஆர்மோனியத்தைப் பற்றி அப்புறம் பார்ப்போம்.

இப்போது பிரதிக்கு வருகிறேன். முதல் காட்சி அருமை. விடியுமுன் இருட்டில் பெண்கள் வாளியோடு கிளம்பும்போது ஒருத்தி பாட, இன்னொருத்தி அந்த அடியை முடிக்காமலே கொட்டாவி விடுகிறாளே, அதை எழுத ஒரு கை வேண்டும். உங்களுக்கு அது இருக்கிறது. அதனால்தான் அடுத்த காட்சியைப் படித்தபோது கோபம் வந்தது. மூன்றாம் பக்கத்திலேயே ஒலிபெருக்கியில் நேதாஜியின் பேச்சு கேட்கிறது, அந்தப் பெண்ணுக்கு ஞானம் வந்துவிடுகிறது. அதற்கு முன்னால் அவளுக்குக் கோபமே இருந்ததில்லையா? 1943 வரை தோட்டத்தில் எல்லாரும் சுகமாக இருந்தார்களா?

1941-ஐப் படியுங்கள். மலேயாவின் சிலாங்கூரில், கிள்ளான் வட்டாரத்துத் தோட்டங்களில் நம் ஆட்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆர். எச். நாதன் என்பவர் முன்னால் நின்றார். சீனத் தொழிலாளிக்கு இணையான கூலி, கள்ளுக்கடையை மூடுவது, துரைமாரும் தோட்டத்துக் கணக்கர்களான கிராணிமாரும் பெண்களைத் தொந்தரவு செய்வதை நிறுத்துவது, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் என்று கோரிக்கைகள் இருந்தன. அவற்றோடு இன்னொன்றும் இருந்தது: துரை எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்க வேண்டியதில்லை. காந்தி குல்லாய் போட்டுக்கொள்வதே அங்கே பெரிய சச்சரவாக இருந்தது. நாதனைப் பிடித்து உள்ளே போட்டார்கள். பட்டாளம் வந்து சுட்டதில் தொழிலாளிகள் செத்தார்கள். ஜப்பான்காரன் அங்கே கால் வைப்பதற்கு முன்பே நடந்தது இது.

சைக்கிளைவிட்டு இறங்க மாட்டேன் என்பது மேடைக்கென்றே செய்த விஷயம் இல்லையா? ஒரு சைக்கிள், ஒரு துரை, ஒரு பாட்டு போதும். அவன் இறங்குவானா மாட்டானா என்று சனம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கும். நாடகத்தை அங்கே தொடங்குங்கள். இரண்டு வருஷம் கழித்துப் படைக்கு ஆள் எடுக்கும்போது அந்தப் பெண் ஏன் போகிறாள் என்று யாருக்கும் விளக்க வேண்டியிருக்காது.

கொடியோடு சாகும் காட்சியை எடுத்துவிடுங்கள். ஜான்சி ராணிப் படைப் பெண்கள் பர்மா வரை போனார்கள், அங்கே மேம்யோ ஊரில் காயம்பட்டவர்களைப் பார்த்துக்கொண்டார்கள். ஆனால் போர்முனையில் நின்று சண்டையிடும் நிலை வரவில்லை, அதற்குள் பின்வாங்கல் வந்துவிட்டது. 1945 ஏப்ரல் கடைசியில் ரங்கூனை விட்டுக் கிளம்பி, ரயில் கிடைத்த இடத்தில் ரயிலிலும் கிடைக்காத இடத்தில் கால்நடையாகவும், தலைக்கு மேல் விமானம் வந்தால் பள்ளத்தில் படுத்தும் போனார்கள். நேதாஜியும் கூடவே நடந்தார். பெரும்பாலான பெண்கள் உயிரோடு ஊர் திரும்பினார்கள். திரும்பிய இடத்தில் அதே ரப்பர் மரமும், கொஞ்ச நாளில் வெள்ளைக்காரத் துரையும் இருந்தார்கள். இந்தத் திரும்புதலை விட்டுவிட்டுச் சாவை எழுதுவது சோம்பேறித்தனம். சாவுக்குப் பாட்டு எழுதுவது சுலபம் அம்மா.

சரி, அண்ணன். நான் உண்மையில் பேச வந்தது இவனைப் பற்றித்தான்.

போகாத அண்ணனைப் பபூன் ஆக்கியிருக்கிறீர்கள். வேட்டி அவிழ, உரலுக்குப் பின்னால் ஒளிகிறான். படையாள் தும்மினால் விழுகிறான். நம் மேடையில் இது பழைய வழக்கம். ராஜபார்ட்டுக்கு ராகம், சாதாரணவனுக்குக் குட்டிக்கரணம். ராஜா கதையில் அது பொருந்தும். சாதாரண சனங்களின் நாடகம் என்று நீங்களே எழுதிவிட்டு, அங்கேயும் ஒருவனைக் கீழே தள்ளி மற்றவளை மேலே ஏற்றினால் எப்படி?

அவன் ஏன் போகவில்லை? நீங்கள் கேட்கவே இல்லை. 1943 அக்டோபர் 21-ல் சிங்கப்பூரில் சுதந்திர இந்திய அரசு பிரகடனம் ஆனது. அதே அக்டோபரில்தான் ஜப்பான்காரன் போட்ட சயாம்–பர்மா ரயில் பாதையின் இரண்டு முனைகளும் வந்து சேர்ந்தன. 415 கிலோமீட்டர். அதைப் போட மலேயாத் தோட்டங்களிலிருந்து நம் ஆட்களை லாரி லாரியாக ஏற்றிப் போனார்கள். காலரா, மலேரியா, பட்டினி, அடி. பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. அதைச் செய்த ஜப்பான்காரன்தான் இந்தப் படைக்கும் துணை. பக்கத்து வீட்டுக்காரன் ரயிலுக்குப் போய்த் திரும்பாததைப் பார்த்த ஒருவன் படைக்கும் போக மறுத்தால் அவன் கோழையா? அதே பயத்தால், ரயிலுக்குப் பிடித்துப் போவதற்குள் படையில் சேர்ந்துவிடுவோம் என்று போனவனும் உண்டு. அவன் வீரனா? இரண்டு பேரும் ஒரே லயத்தில், அந்தத் தோட்டத்து வீட்டு வரிசையில், அடுத்தடுத்த வீட்டில் இருந்தவர்கள்தான்.

கோத்தகிரியில் எங்கள் லயத்தில் ஒரு தாத்தா இருந்தார். சண்டை முடிந்து மலேயாவிலிருந்து கப்பலேறி வந்தவர், தேயிலை ஃபேக்டரியில் வாட்ச்மேன். நேதாஜி படையில் இருந்தவர் என்று யாரோ சொல்லி, ஒரு சுதந்திர தினத்தில் பள்ளிக்கூடத்துக்கு அழைத்து வந்தார்கள். எனக்கு ஒன்பதோ பத்தோ வயது. மைக்கைப் பிடிக்கத் தெரியாமல் தள்ளி நின்று பேசினார். "தம்பிய ரயிலுக்குக் கொண்டுபோயிட்டாங்க. அடுத்தது நான்தான்னு தெரியும். படையில சோறு உண்டுன்னாங்க, காலுக்குச் சப்பாத்து உண்டுன்னாங்க. போனேன். அப்புறம் அந்த ஆளு பேச்சக் கேட்டேன். கேட்டப்புறம் சோறு இல்லாதப்பவும் இருந்தேன்" என்றார். அடுத்து அரிசி அளவு வாரா வாரம் எப்படிக் குறைந்தது என்று கையைக் குவித்துக் காட்ட ஆரம்பித்தார். தலைமையாசிரியர் வந்து மைக்கை வாங்கி, தியாகிக்குக் கை தட்டச் சொன்னார். தட்டினோம். மிட்டாய் கொடுத்தார்கள். அடுத்த வருஷம் அவரை அழைக்கவில்லை.

அவர் அன்று சொன்னதற்குள் முழு நாடகமும் இருந்தது. சோற்றுக்குப் போனவன் சோறில்லாமலும் ஏன் இருந்தான் என்பதற்கு ஒரு பாட்டு எழுத முடிந்தால் உங்களைத் தேடி வந்து கும்பிடுவேன். நீங்களோ அந்த மைக்கைப் பிடுங்கிய ஆசிரியர் பக்கம் நின்று எழுதுகிறீர்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இதற்கு வடிவம் வெளியே தேட வேண்டாம். சிலோனிலிருந்து வந்தவர்கள் கொண்டுவந்த சாமான்களில் தப்புப் பறையும் இருந்தது, சிவன் மன்மதனை எரித்த கதையை ஆடும் காமன் கூத்தும் இருந்தது. உங்கள் அம்மாவைக் கேளுங்கள், ரதியின் ஒப்பாரி இன்னும் நினைவில் இருக்கும். அதே காமன் கதையை வைத்துத் தஞ்சாவூர்ப் பக்கம் லாவணி பாடுவார்கள். எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று இரண்டு பேர் டேப் என்கிற சின்னப் பறையைத் தட்டிக்கொண்டு எதிரும் புதிருமாக உட்கார்வார்கள். காமன் எரிந்தானா இல்லையா என்று விடிய விடிய வழக்கு நடக்கும். அதை எடுங்கள். போன கட்சி, போகாத கட்சி. தங்கை ஒரு பக்கம், அண்ணன் ஒரு பக்கம். அவள் சைக்கிளைச் சொல்லட்டும், அவன் ரயிலைச் சொல்லட்டும். அம்மாவை யார் பார்ப்பது என்று அவன் கேட்கட்டும். உன் பிள்ளையும் சைக்கிளைவிட்டு இறங்க வேண்டுமா என்று அவள் கேட்கட்டும். லாவணியில் எதிர்க்கட்சிக்காரன் கெட்டிக்காரனாக இல்லாவிட்டால் கூட்டம் எழுந்து போய்விடும். ஆகவே உங்களிடம் இருக்கிற நல்ல மெட்டை அண்ணனுக்குக் கொடுங்கள். தங்கைக்கு இரண்டாவது மெட்டு போதும், அவள் பக்கம் சனம் ஏற்கெனவே இருக்கும்.

சிரிப்பு வேண்டுமா? படையில் ஆணையெல்லாம் இந்துஸ்தானியில். ஒரு சொல்லும் புரியாமல் பால்வெட்டுக்காரர்கள் இடமும் வலமும் திரும்பிய முதல் நாள் கவாத்துப் பயிற்சியை எழுதுங்கள். போனவர்களைப் பார்த்தும் கொஞ்சம் சிரிக்கலாம், தப்பில்லை.

லாவணி என்று ஆகிவிட்டதால் ஆர்மோனியக் கேள்விக்கும் பதில் வந்துவிட்டது. எதிர்ப்பாட்டு எவ்வளவு நீளும் என்று முன்கூட்டித் தெரியாதபோது பதிவு செய்த இசையோடு எப்படிப் பாடுவது? தப்பு அடிப்பவர்கள் உங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள், அவர்களை உட்கார வையுங்கள்.

கடைசியாக ஒன்று. பந்தலூரில் ஆகஸ்டில் திறந்த மைதானத்தில் நாடகமா? உங்கள் பக்கத்துத் தேவாலாவில் பெய்கிற மழை உங்களுக்குத் தெரியாதா, நான் கோத்தகிரியிலிருந்து சொல்ல வேண்டுமா? தப்புத் தோல் நனைந்தால் சத்தமே வராது. ஜனவரி 26-க்குத் தள்ளிப் போடுங்கள். மாலையில் ஆரம்பித்து ஒன்பது மணிக்கு முடிக்கிற திட்டமும் வேண்டாம். அந்த நேரத்தில் சனங்களை ஆனை நடமாடும் பாதையில் வீட்டுக்கு அனுப்பக் கூடாது. மதியம் தொடங்கி வெளிச்சம் இருக்கும்போதே முடியுங்கள், அல்லது காமன் கூத்து மாதிரி விடியும்வரை போடுங்கள். விடியும்வரை என்றால் நான் கம்பளியோடு வருகிறேன். அண்ணனின் பாட்டை எழுதியதும் அதை மட்டும் முதலில் அனுப்புங்கள்.