ஓ.கே.யு. (மாற்றுத்திறனாளி) கார்டு எடுத்தாயிற்று, அடுத்து எங்கே போவது?

பிறையிலிருந்து ஓர் அம்மா கேட்டிருக்கிறார்: "மகனுக்கு 15 வயது. இடது கை முழங்கைக்குக் கீழே பிறவியிலேயே இல்லை. பள்ளி ஓட்டப்பந்தயத்தில் எல்லாரையும் முந்துகிறான். ஓ.கே.யு. கார்டு இருக்கிறது. எம்.எஸ்.என்.-இல் (தேசிய விளையாட்டு மன்றத்தில்) சேர்க்க கோலாலம்பூர் போக வேண்டுமா? உதவித்தொகை கிடைக்குமா?"

இப்போதைக்கு பஸ் டிக்கெட் எடுக்காதீர்கள், அக்கா.

கார்டு சமூக நல இலாகா கொடுப்பது, பந்தயத்தில் யாரோடு யார் ஓடுவது என்பது வேறு கணக்கு. அதை கிளாசிஃபிகாசி (வகைப்பாடு) என்பார்கள். காது கேளாதவர்களுக்கும் கார்டு உண்டு, ஆனால் பாராலிம்பிக்கில் அவர்களுக்குப் பிரிவே கிடையாது, டெஃப்லிம்பிக்ஸ் தனி. ஓட்டத்தில் ஒரு கைக் குறை என்றால் மணிக்கட்டு மூட்டிலிருந்தாவது கை இல்லாமல் இருக்க வேண்டும், விரல்கள் மட்டும் இல்லையென்றால் சேர்க்க மாட்டார்கள். இது தெரியாமல் அலைந்து, கடைசியில் பிள்ளையைச் சமாதானப்படுத்த முடியாமல் நின்ற ஒரு தகப்பனாரை எனக்குத் தெரியும். உங்கள் மகனுக்கு அந்தச் சிக்கல் இல்லை. அநேகமாக ஒரு கைக் குறை உள்ளவர்கள் ஓடும் டி47 பிரிவில் வருவான், அதில் 100 மீட்டர், 400 மீட்டர், நீளம் தாண்டுதல் எல்லாம் பாராலிம்பிக் வரைக்கும் இருக்கின்றன.

சரி, போக வேண்டிய இடம் பினாங்கு மாநில விளையாட்டு மன்றம். பள்ளி உடற்கல்வி ஆசிரியரையும் கூட்டிக்கொண்டு போனால் நல்லது, ஏனென்றால் அவர்கள் முதலில் கேட்பது மகனுடைய ஓட்ட நேரத்தைத்தான். கார்டு நகல், மைகார்டு (அடையாள அட்டை), டாக்டர் கடிதம் எல்லாம் கையில் இருக்கட்டும். சுக்மா பாராவுக்கு மாநிலத் தேர்வு எப்போது என்று நேராகக் கேளுங்கள். மாநிலங்களுக்கு இடையே மாற்றுத்திறனாளிகளுக்காக இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் போட்டி அது, 2024-இல் சரவாக்கில் நடந்தது. அங்கே நன்றாக ஓடும் பிள்ளைகள்தான் எம்.எஸ்.என். கண்ணில் படுவார்கள். அதற்குப் பிறகுதான் கோலாலம்பூர், கம்போங் பாண்டானில் இருக்கும் பாராலிம்பிக் பயிற்சி மையம், பிசியோ, மாதாந்திர அலவன்ஸ் எல்லாம்.

பணத்தைப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். பாராலிம்பிக் தங்கத்துக்கு ஒலிம்பிக் தங்கத்துக்குச் சமமாக 10 லட்சம் ரிங்கிட் கொடுக்கிறார்கள். 2016 ரியோவில் நாட்டின் முதல் பாராலிம்பிக் தங்கத்தை எடுத்த ரிட்சுவான் புசியும் 100 மீட்டர் ஓட்டக்காரர்தான், கேட்கவே நன்றாக இருக்கிறது. ஆனால் தொடக்கத்தில் ஸ்பைக்ஸ் காலணி, பெட்ரோல், சாப்பாடு எல்லாம் பெரும்பாலும் உங்கள் செலவாகத்தான் இருக்கும், அதற்குத் தயாராக இருங்கள்.

அப்புறம் ஒன்று. குனிந்து ஸ்டார்ட் எடுக்கும்போது இடது தோள் கீழே இறங்குகிறதா என்று பாருங்கள். குறைக் கையை வைத்துக்கொள்ள உயரமான ஒரு கட்டையோ மெத்தைத் துண்டோ போட்டுக்கொள்ள விதி இடம் கொடுக்கிறது. பயிற்சியாளரிடம் சொல்லி இப்போதே பழக்கிவிடுங்கள், தேர்வு நாளில் புதிதாகப் போட்டால் தடுமாறுவான்.