பன்னிரண்டரை லட்சம் என்றால் எவ்வளவு?

கேள்வி: இங்கே ஒரு தனியார் கல்லூரியில் பி.காம். முதலாண்டுக்கு அக்கவுண்டன்சி எடுக்கிறேன். வகுப்பில் சூடான், காங்கோ நாட்டுப் பிள்ளைகள் சிலர் படிக்கிறார்கள். 'புரிகிறதா?' என்றால் தலையாட்டுகிறார்கள். தேர்வில் பாதி விடைத்தாள் காலி. 'ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸுக்கு அனுப்புங்கள்' என்கிறார் துறைத் தலைவர். அனுப்பினால் சரியாகிவிடுமா?
- ஒரு வாசகி, லிங்கராஜபுரம், பெங்களூரு

பதில்: போவது நல்லதுதான் அம்மா, ஆனால் அதை மட்டும் நம்பி இருக்காதீர்கள். கம்மனஹள்ளிக் கடைகளில் போய்ப் பாருங்கள். இந்தப் பிள்ளைகள் கோழிக்கும் செல்போன் கவருக்கும் ஆங்கிலத்தில்தான் பேரம் பேசுகிறார்கள். பேச்சு ஓரளவு வருகிறது. பிடிபடாதது உங்கள் பாடத்தின் ஆங்கிலம். அதை வெளியிலிருந்து யாரும் கற்றுத் தர மாட்டார்கள், உங்கள் வகுப்பில்தான் கிடைக்க வேண்டும். ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தே ஓய்வு பெற்றவன் நான். உறுதியாகவே சொல்கிறேன்.

போர்டில் 12,50,000 என்று எழுதுகிறீர்கள். நமக்கு அது பார்த்தவுடனே பன்னிரண்டரை லட்சம். காங்கோவின் தலைநகர் கின்ஷாசாவில் பிரெஞ்சு வழியில் படித்த பையனுக்கு லட்சமே கிடையாது, ஆயிரத்துக்கு அப்புறம் மில்லியன்தான். போதாததற்கு, பிரெஞ்சில் 3.5 என்பதை 3,5 என்று எழுதுவார்கள். காற்புள்ளி அவனுக்குத் தசமப் புள்ளி. நீங்கள் 'ட்வெல்வ் லேக்ஸ் ஃபிஃப்டி தௌசண்ட்' என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போகும்போது அவன் இன்னும் பூஜ்யங்களை எண்ணிக்கொண்டிருப்பான். தொகைக்குப் பக்கத்திலேயே 1.25 மில்லியன் என்றும் எழுதிவிடுங்கள். அரை நிமிட வேலை.

சூடான் பிள்ளைகளின் சிக்கல் வேறு. அரபி வலமிருந்து இடமாகப் போகும். குறில் உயிரொலிகளைப் பெரும்பாலும் எழுத மாட்டார்கள். அதில் பழகிய கண்ணுக்கு ஆங்கில வரி மெதுவாகத்தான் நகரும். கேள்வியை வாசிக்கவே நேரம் போய்விடுகிறது, அதனால்தான் பாதித் தாள் காலி. காலித் தாளைப் பார்த்து, படிக்காத பிள்ளை என்று எடுத்துக்கொள்வது அநியாயம்.

பழைய கேள்வித்தாள்களை எடுத்து, திரும்பத் திரும்ப வருகிற கட்டளைச் சொற்களை வகுப்பிலேயே பழக்குங்கள். 'ஜர்னலைஸ்', 'டிஸ்டிங்விஷ் பிட்வீன்', 'பாஸ் த நெசசரி என்ட்ரீஸ்' என்று கேட்டால் எதை எழுத வேண்டும், எத்தனை வரி, எந்தக் கட்டத்தில் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு மாதிரி விடை போட்டுக் காட்டுங்கள். நம்மூர்ப் பிள்ளைகளும் பாதிப் பேர் நன்றி சொல்வார்கள்.

இன்னொன்று, அவர்கள் தங்களுக்குள் பிரெஞ்சிலோ அரபியிலோ பேசினால் தடுக்காதீர்கள். டெபிட், கிரெடிட், கேப்பிட்டல் மூன்றும் பிரெஞ்சிலும் உச்சரிப்பு மாறிய அதே சொற்கள்தான். பேலன்ஸ் ஷீட்டுக்கு மட்டும் 'பிலான்' என்பார்கள். நோட்டின் ஓரத்தில் அவரவர் மொழியில் எழுதிக்கொள்ளட்டும், இருவர் பேசி விடையைக் கண்டுபிடிக்கட்டும், அப்புறம் ஒருவர் எழுந்து ஆங்கிலத்தில் சொல்லட்டும். 'ஒன்லி இங்கிலீஷ்' என்று மிரட்டினால் வாயை மூடிக்கொள்வார்கள், வேறொன்றும் நடக்காது. கண்டிக்க வேண்டுமென்றால் நம்மைத்தான் கண்டிக்க வேண்டும். முக்கியமான இடத்தில் சட்டென்று கன்னடத்துக்கோ இந்திக்கோ தாவி விளக்குகிற பழக்கம் நம் வகுப்புகளில் நிறைய உண்டு. அந்த நிமிடத்தில் இந்தப் பிள்ளைகள் முழுசாக வெளியே நிற்கிறார்கள்.

'புரிகிறதா?' என்ற கேள்வியையே விட்டுவிடுங்கள். அதற்கு எந்த நாட்டுப் பிள்ளையும் தலையாட்டத்தான் செய்யும். 'இந்த வாடகை எந்தப் பக்கம் வரும், ஏன்?' என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். அவன் மனசுக்குள் மொழி மாற்றி வர நேரமாகும், பக்கத்து பெஞ்சுக்காரன் முந்திக்கொள்ள விடாதீர்கள்.

துறைத் தலைவரிடம், வாரத்துக்கு ஒரு மணி நேரம் உங்கள் பாடப் பக்கங்களை வைத்தே ஆங்கில ஆசிரியர் ஒருவர் நடத்த ஏற்பாடு செய்யச் சொல்லிக் கேளுங்கள். வெளியே கட்டுகிற கோச்சிங் பணமும் அந்தப் பிள்ளைகளுக்கு மிச்சம்.