ஒட்டுப் போட்ட இடம் நன்றாக இருக்கிறது, பக்கத்தில் துரு: உத்தரவாதம் செல்லுமா?

கேள்வி: எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தில் தூண்களிலும் பால்கனிகளிலும் கம்பி துருப்பிடித்து காங்கிரீட் உதிர்ந்தது. ஒரு கான்ட்ராக்டரை வைத்துச் சரிசெய்தோம். 5 ஆண்டு உத்தரவாதம் எழுதிக் கொடுத்தார். இரண்டாம் ஆண்டிலேயே, ஒட்டுப் போட்ட இடங்களின் ஓரமாக விரிசலும் துருக்கறையும் தெரிகின்றன. கியூப் டெஸ்ட் அறிக்கையைக் காட்டி, "நான் போட்டது கல் மாதிரி இருக்கிறது, இது புது வேலை" என்கிறார். வழக்குப் போட்டால் நிற்குமா?

பதில்: நிற்க வாய்ப்பு உண்டு. ஆனால் "ஒட்டு சரியில்லை" என்று போட்டால் தோற்பீர்கள். ஒட்டு சரியாகவே இருக்கலாம்.

கியூப் டெஸ்டைக் கண்டு மிரள வேண்டாம். அச்சில் வார்த்த கலவையை வழக்கமாக 28 நாள் கழித்து நசுக்கிப் பார்ப்பது அது. கலவையின் வலிமை தெரியும், அவ்வளவுதான். பழைய காங்கிரீட்டோடு ஒட்டு பிடித்திருக்கிறதா, உள்ளே துரு தொடர்கிறதா என்றெல்லாம் அது சொல்லாது.

ஓரத்தில் துரு வருவது இந்தத் துறைக்குப் புதிதல்ல. உப்பு ஏறிய காங்கிரீட்டில் முதலில் துருப்பிடிக்கும் பகுதி, பக்கத்துக் கம்பியை ஓரளவு காத்துக்கொண்டிருக்கும். அந்தப் பகுதியை மட்டும் வெட்டிப் புதுக் கலவை வைத்தால் அந்தக் காவல் போய்விடும். உப்பு மிஞ்சியிருக்கிற பக்கத்துக் கம்பி அரிக்கத் தொடங்கும். பழுதுபார்ப்புக்கான ஐரோப்பியத் தரநிலை ஈஎன் 1504, முதலில் சேதத்தின் காரணத்தை ஆராயச் சொல்வது சும்மா இல்லை.

ஆகவே வழக்கின் முடிச்சு இதுதான்: காரணத்தைக் கண்டுபிடிக்கும் பொறுப்பு யாருடையது? "ஆய்வு செய்து சரிசெய்து தருகிறேன்" என்று அவர் ஏற்றிருந்தால், உப்பைச் சோதிக்காமல் விட்டது அவர் தவறு. உங்கள் பொறியாளர் சாக்பீஸால் குறித்த இடத்தை மட்டும் நிரப்பிக் கொடுத்தவர் என்றால், கேள்வி பொறியாளரை நோக்கித் திரும்பும். உத்தரவாதக் கடிதத்தையும் நிதானமாகப் படியுங்கள். "செய்த வேலைக்கு" என்பதும் "துருவினால் வரும் சேதத்துக்கு" என்பதும் ஒன்றல்ல.

அடுத்தது சாட்சியம். கூட்டு ஆய்வுக்கு நாள் குறித்து அவருக்கு எழுத்தில் அறிவிப்பு அனுப்புங்கள். வராவிட்டாலும் ஆய்வு நடக்கட்டும். அறிவிப்பு கொடுத்ததே உங்களுக்குப் பலம். இருவரையும் சாராத பொறியாளர் ஒருவர் சுத்தியலால் தட்டி, வெற்றாக ஒலிக்கும் இடங்களைக் குறிப்பார். ஒட்டுப்பிடிப்பை இழுத்துப் பார்க்கும் சோதனையில், எவ்வளவு விசையில் பிரிந்தது என்பதோடு எங்கே பிரிந்தது என்பதையும் எழுதச் சொல்லுங்கள். பழையதும் புதியதும் சேரும் கோட்டிலேயே பெயர்ந்தால் குறை வேலையில் இருக்கலாம். காங்கிரீட்டைப் புதிதாக உடைத்த பரப்பில் பினாஃப்தலீன் என்ற நிறங்காட்டிக் கரைசலைத் தெளித்தால், கம்பியைத் துருவிலிருந்து காக்கும் காரத்தன்மை உள்ள பகுதி அடர் இளஞ்சிவப்பாகும். நிறம் மாறாத பட்டை கம்பிவரை போயிருந்தால், காற்றிலுள்ள கரியமில வாயு அங்கே எட்டி அந்தக் காரத்தன்மையைக் குறைத்துவிட்டது. உப்பு அளவுக்கு வெவ்வேறு ஆழங்களில் துளைத்துத் தூள் எடுப்பார்கள். ஒவ்வொரு பொட்டலத்திலும் இடம், ஆழம், தேதி, கையெழுத்து வேண்டும். ஒரு பங்கை முத்திரையிட்டு வைத்துவிடுங்கள்.

கம்பியின் மின்னழுத்த அளவீடும் உதவும். செம்பு-செம்பு சல்பேட் மின்முனையோடு ஒப்பிட்டு மைனஸ் 350 மில்லிவோல்ட்டையும் தாண்டிக் கீழே இறங்கினால், அந்த நேரத்தில் அரிப்பு நடக்க 90 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு என்பது வழக்கமான கணக்கு. ஆனால் அது அரிப்பின் வேகத்தைச் சொல்லாது. எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் பிடிப்பது இதைத்தான்; தனியாக இதை நம்பிப் போகாதீர்கள்.

பொறியாளரிடம் "ரிப்பேர் நல்லதா" என்று கேட்டால் வழவழ பதில்தான் வரும். "இந்தத் துருவுக்குக் காரணம் என்ன? பழுதுபார்த்த அன்றே வழக்கமான சோதனையில் அது தெரிந்திருக்குமா?" என்று எழுத்தில் கேளுங்கள். இரண்டாவதற்கு "ஆம்" என்றால் உங்கள் கை ஓங்கும்.

தொங்கும் துண்டுகளை ஆய்வுக்காகக் காத்திருந்து விட்டுவைக்காதீர்கள். கீழே போகிறவர் தலையில் விழுந்தால் பொறுப்பு உங்கள் மேல்தான் முதலில் வரும். படம் எடுத்து, தட்டி இறக்கி, துண்டுகளைப் பத்திரப்படுத்துங்கள்.

உத்தரவாதம் 5 ஆண்டு என்பதால் வழக்குக்கும் 5 ஆண்டு இருக்கிறது என்று எண்ண வேண்டாம். அந்தக் கெடு நாட்டுக்கு நாடு வேறு; வெறும் பேச்சுவார்த்தை நடப்பதால் கெடு ஓடுவது பொதுவாக நிற்காது. அவர் சமாதானமாக வந்து கொஞ்சம் பூசிவிட்டு "முழுத் திருப்தி" கடிதம் கேட்டால், அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லிவிடுங்கள். கையெழுத்து மட்டும் போட வேண்டாம்.