என் முறை வரும்போதெல்லாம் லீவு போடுகிறேன், அக்கா

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்கு 26 வயது. மட்டக்களப்பில், படுவான்கரைப் பக்கம் ஒரு கிராமம். கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு, இப்போது ஒரு பிரதேச செயலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தராக இருக்கிறேன். எழுத்து வேலை எதுவென்றாலும் ஒழுங்காகச் செய்து கொடுப்பேன். கூட்டத்தில் எழும்பிக் கதைக்கச் சொன்னால்தான் முடிவதில்லை.

போன வருடம் ஒரு பயிற்சி வகுப்பில் எங்கள் குழுவுக்காக என்னைக் கதைக்க விட்டார்கள். நாலு வசனம் போயிருக்கும், "மறுகா என்ன செய்தமெண்டால்..." என்று வாயில் வந்துவிட்டது. 'பிறகு' என்பதை எங்கள் ஊரில் மறுகா என்போம். பின்வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். ஒருவர் "மறுகா, மறுகா" என்று சொல்லிக் காட்டினார். நா வறண்டு, கை நடுங்கி, மிச்சத்தைச் சொல்லாமலே வந்து இருந்துவிட்டேன். அதற்குப் பிறகு என் முறை வந்த இரண்டு தடவையும் சுகமில்லை என்று லீவு போட்டேன். கூட வேலை செய்யும் ஒரு அக்காதான் எனக்காகக் கதைத்தா. அவ ஒன்றும் சொல்வதில்லை. எனக்குத்தான் வெட்கமாக இருக்கிறது.

இன்னும் மூன்று கிழமையில் ஒரு மாதர் கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டம். நாற்பது பேர் வருவார்கள். சுயதொழில் கடனைப் பற்றி நான்தான் விளக்க வேண்டும். காலையில் பஸ் மண்முனைப் பாலத்தில் ஏறும்போதே வயிற்றைப் பிசைகிறது. எங்கள் அப்பா கூத்தாடுபவர். ஊரே பார்க்க விடிய விடிய களரியில் ஆடிய மனிசனின் மகள் இப்படியா என்று எனக்கே தாங்கவில்லை. முதலில் இந்தப் பயம் போகட்டும், பிறகு கதைக்கலாம் என்றிருக்கிறேன். பயம் போக நான் என்ன செய்ய வேண்டும்?

இப்படிக்கு,
படுவான்கரைத் தங்கை

-----

அன்புத் தங்கச்சி,

முதலில் பயம் போகட்டும், பிறகு கதைக்கிறேன் என்கிறீர்கள். அந்த வரிசையைத் திருப்பிப் போடச் சொல்லித்தான் இவ்வளவும் எழுதுகிறேன். கதைத்துக் கதைத்துத்தான் பயம் குறையும்.

லீவு சொன்ன அந்த நேரம் எப்படி இருந்தது என்று நினைத்துப் பாருங்கள். நெஞ்சுப் பாரம் சட்டென்று இறங்கியிருக்கும். பயத்துக்குத் தீனி அந்த ஆறுதல்தான். ஓடி வந்ததால் தப்பினோம் என்று மனம் படித்துக்கொள்கிறது. அடுத்த முறை இன்னும் கெதியாக ஓடச் சொல்கிறது. ஓடாமல் நின்றால் படபடப்பு ஒரு உச்சிக்குப் போய்த் தானாக இறங்கும். அது இறங்கும் வரை நீங்கள் ஒரு தடவையும் நின்றதில்லை. நா வறள்வதும் கை நடுங்குவதும் அதிரினலின் என்ற உடற்சுரப்பு செய்கிற வேலை. ஆபத்தைச் சந்திக்க உடம்பு ஆயத்தமாகிறது, அவ்வளவுதான். அந்த நேரத்தில் மூச்சை மெல்ல வெளியே விடுங்கள், உள்ளே எடுத்ததைவிட நீளமாக. படபடப்பு முழுதாக நிற்காது. கதைக்கிற அளவுக்கு அடங்கும்.

இனி உங்கள் அப்பா. அவர் ஆடிய இரவைப் பார்த்திருக்கிறீர்கள். அதற்கு முந்திய மாதங்கள் நினைவிருக்கிறதா? நல்ல நாள் பார்த்துச் சட்டங்கொடுப்பார்கள், அதாவது அவரவர் பாத்திரத்துக்குரிய பாட்டைக் கொடுப்பார்கள். கூத்துப் பழக்கும் அண்ணாவியார் மத்தளத்தோடு இருந்து ஆட்டம் பழக்குவார். கால் பிழைக்கும், தாளம் தப்பும், சுற்றி இருந்து பார்க்கிற ஊர்ச்சனம் சிரிக்கவும் செய்யும். கொஞ்சம் தேறிய பிறகு சதங்கை அணிவது. அதற்குப் பிறகு அடுக்குப் பார்த்தல், அதாவது முழுக் கூத்தையும் ஒத்திகை பார்ப்பது. இவ்வளவும் கழிந்துதான் அரங்கேற்றம். அன்றைக்கும் தனியே விடமாட்டார்கள்; பாடிய வரியை வாங்கிப் படிக்கப் பிற்பாட்டுக்காரர் நிற்பார்கள். பகலெல்லாம் வயலில் நின்ற ஒரு மனிசனை வடமோடி என்ற கூத்து வகையில் அரசனாக நிறுத்த எங்கள் ஊர் கண்ட வழி இது. ஒரு காரியத்தைச் செய்து முடித்த அனுபவமே தன்னம்பிக்கைக்கு மிகப் பலமான ஊற்று என்று உளவியலாளர் அல்பர்ட் பண்டூரா 1977இல் எழுதினார். எங்கள் அண்ணாவிமார் அதைக் களரியில் செய்துகொண்டுதான் இருந்தார்கள். நீங்களோ ஆட்டம் பழகாமல் நேரே அரங்கேற்றத்துக்குப் போய், எனக்கு ஆட்டம் வராது என்று திரும்பி வந்திருக்கிறீர்கள்.

மூன்று கிழமை போதும். இந்தக் கிழமை அம்மாவையும் அயலில் இரண்டு பேரையும் இருத்தி, நீங்கள் எழும்பி நின்று கடன் திட்டத்தை விளக்குங்கள்: வட்டி எவ்வளவு, எத்தனை மாதத்தில் கட்டுவது, பிணைக்கு யார். அவர்கள் கேட்கிற கேள்விகளை எழுதி வையுங்கள், கூட்டத்திலும் அநேகமாக அவைதான் வரும். அடுத்த கிழமை அந்த அக்கா போகிற கூட்டமொன்றுக்குக் கூடப் போய், வரவேற்பை மட்டும் நீங்கள் சொல்லுங்கள். உங்கள் கூட்டத்துக்கு முதல் நாள் அந்த மண்டபத்துக்குப் போய் ஒருக்கால் உரத்துச் சொல்லிப் பாருங்கள். ஒவ்வொரு படியும் கொஞ்சம் பயமாகத்தான் இருக்க வேண்டும். பயமே வராவிட்டால் படி சின்னது. இரவு நித்திரையே கெட்டால் படி பெரிது, இடையில் இன்னொன்று போடுங்கள். கூட்டத்தன்று அந்த அக்கா முன்வரிசையில் இருக்கட்டும். ஆனால் உங்கள் குறிப்புத் தாளை மட்டும் அவரிடம் கொடுத்துவிடாதீர்கள். நடுவில் தடுமாறினால், "பொறுங்கோ, பார்த்துச் சொல்லுறன்" என்றால் ஒருவரும் பிழையாக நினைக்கமாட்டார்கள்.

அந்தச் சிரிப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். கோர்னெல் பல்கலைக்கழகத்தில் தோமஸ் கிலோவிச் குழுவினர் 2000இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களுக்குக் கூச்சம் தரும் படம் போட்ட ரீசேட்டை உடுத்தி மற்றவர்கள் இருந்த அறைக்குள் அனுப்பினார்கள். ஏறத்தாழப் பாதிப் பேர் கவனித்திருப்பார்கள் என்று உடுத்தியவர்கள் நினைத்தார்கள். கவனித்தவர்கள் கால்வாசிப் பேர்தான். உங்கள் மண்டபத்திலும் சிரித்தவர்கள் இரண்டு பேர். மற்றவர்களின் முகம் ஒன்றாவது நினைவிருக்கிறதா?

அந்த இரண்டு பேர் மீது எனக்குக் கோபம்தான், தங்கச்சி. மறுகா என்பது மட்டக்களப்பார் வாயில் தலைமுறையாகப் புழங்கும் சொல். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நாளைக்கு உங்கள் முன்னால் இருக்கப் போகிறவர்கள் தயிர் விற்கிற, பாய் இழைக்கிற, நெல் அவிக்கிற பெண்கள். சுற்றறிக்கைத் தமிழில் சொன்னால் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். "முதல் தவணையைக் கட்டினா, மறுகா ஒரு மாசம் கழிச்சு அடுத்தது" என்று சொல்லிப் பாருங்கள், கேள்வி கேட்கத் தொடங்குவார்கள். கேள்வி வந்துவிட்டால் அது உரை இல்லை, வாசலில் இருந்து கதைக்கிற கதை. அது உங்களுக்கு நன்றாக வரும்.

ஒன்று மட்டும் பாருங்கள். கூட்டம் இல்லாத நாட்களிலும் நெஞ்சு அடித்துக்கொண்டு, சாப்பாடும் நித்திரையும் குறைந்துகொண்டு போனால், தனியே சமாளிக்க நிற்க வேண்டாம். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கும் எடுத்துக் கதைக்கலாம்.

இன்றைக்குப் பொழுதுபட அப்பாவோடு இருந்து, முதன்முதல் சதங்கை அணிந்த அன்று கால் நடுங்கியதா என்று கேளுங்கள். கூட்டம் முடிந்த பிறகு நடந்ததையும், அப்பா சொன்ன பதிலையும் சேர்த்து எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா