கழுத்து வழியே இறங்கும் தண்ணீர்: டிரைசூட் சீலை ஒட்டுவதா, மாற்றுவதா?

கேள்வி: வணக்கம். இங்கிலாந்தில் லெஸ்டரில் வசிக்கிறேன். இந்த வசந்தத்தில் ஒருவரிடமிருந்து பழைய ட்ரைலாமினேட் (மூன்றடுக்குத் துணி) டிரைசூட் ஒன்றை, அதாவது தண்ணீர் புகாத முக்குளிப்பு உடையை, 350 பவுண்டுக்கு வாங்கினேன். விளம்பரத்தில் ‘சீல்கள் எல்லாம் நல்ல நிலையில்’ என்று போட்டிருந்தார், கழுத்திலும் மணிக்கட்டிலும் தண்ணீர் புகாமல் பிடிக்கும் பட்டைகளைத்தான் சீல் என்கிறோம். ஸ்டோனி கோவ் குவாரியில் நான்கு முறை மூழ்கினேன், ஒரு சொட்டு இறங்கவில்லை. போன வாரம் ஏறி வந்து ஜிப்பைத் திறந்தால் நெஞ்சிலிருந்து வயிறு வரை உள்ளாடை தொப்பலாக நனைந்திருந்தது. கழுத்து சீல் லேடெக்ஸ். கடைக்காரர் சிலிக்கான் வளையம், அதாவது சிலிக்கான் சீலைக் கழற்றி மாட்டும் வளையம், பொருத்தச் சொல்கிறார். கூட மூழ்கும் நண்பர் ஒரு சைஸ் சின்ன சீல் போட்டால் போதும் என்கிறார். எது சரி? விற்றவரிடம் பணம் கேட்க முடியுமா?

பதில்: இரண்டுக்கும் இப்போதே பணம் கொடுக்காதீர்கள். தண்ணீர் எங்கே நுழைகிறது என்று தெரிந்துகொள்வதற்கு ஒரு மாலை நேரம் போதும், செலவும் இல்லை.

நெஞ்சு நனைந்தாலே கழுத்து சீல்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஜிப் குறுக்காக முன்பக்கம் வருகிற உடை என்றால் அதன் முனை சரியாக மூடாமலும் இதேபோல நனையும். தோளில் இருக்கும், உள்காற்றை வெளியேற்றும் வால்வில் ஒரு மணல் துகள் மாட்டினால் அந்தக் கையும் தோளும் முதலில் நனையும். அதனால் உடையை ஊதிப் பாருங்கள். இரண்டு கை சீலிலும் ஒவ்வொரு சோடா பாட்டிலைச் செருகுங்கள். கழுத்தில் பிள்ளைகள் விளையாடும் பந்து ஒன்றை வையுங்கள். ஜிப்பை முழுக்க இழுத்து, தோள் வால்வை இறுக்கி மூடிவிட்டு, காற்றுக் குழாயை மாட்டிக் கொஞ்சம் கொஞ்சமாக ஊதுங்கள். உடை தலையணை மாதிரி மெத்தென்று நின்றால் போதும். கல் மாதிரி ஊதினால் ஜிப்பும் தையலும் பிரிந்துவிடும். அப்புறம் பாத்திரம் கழுவும் சோப்பைத் தண்ணீரில் கலந்து தெளியுங்கள். ஓட்டை உள்ள இடத்தில் குமிழி வரிசையாகக் கிளம்பும்.

குமிழி எங்கும் வரவில்லையா? மகிழ்ச்சியான செய்திதான். சீலில் ஓட்டை இல்லை. உங்கள் கழுத்தும் சீலும் சேரும் இடத்தில்தான் சிக்கல். பந்து உருண்டையாக, வழுவழுப்பாக இருக்கிறது, மனிதக் கழுத்து அப்படி இல்லையே. தலையைத் திருப்பும்போது பக்கத்துத் தசைநார்கள் புடைத்து இரண்டு பக்கமும் வாய்க்கால் மாதிரி பள்ளம் விழும். நேராக நிமிர்ந்து மிதக்கும்போது உடைக்குள் இருக்கும் காற்றெல்லாம் மேலேறி வந்து கழுத்தில் முட்டும், கொஞ்சம் வெளியே போகும், அந்த வழியிலேயே தண்ணீர் உள்ளே வரும். ஒற்றை முடி, இரண்டு நாள் தாடி, உள்ளாடையின் காலர் நுனி, சீலுக்கு அடியில் செருகிக்கொண்ட ஹூட் (தலையுறை) ஓரம், இவற்றில் ஒன்று போதும். கழுத்துச் சங்கிலியும் அப்படித்தான். தாலிக்கொடியோ மைனர் செயினோ, சீல் ஓரத்தில் மாட்டினால் தண்ணீருக்கு வழி கிடைத்துவிடும், லேடெக்ஸும் கீறிக்கொள்ளும். கழற்றி வைத்துவிட்டுப் போவது நல்லது.

அடுத்த முறை உடுத்தும்போது ஒரு விரலைச் சீலின் ஓரம் முழுக்கச் சுற்றி ஓட்டுங்கள். எங்கும் மடிப்பு இருக்கக் கூடாது. லேடெக்ஸ் தட்டையாகத் தோலோடு ஒட்டி மேல்நோக்கி நிற்க வேண்டும். நியோப்ரீன் (நுரை ரப்பர்) சீல்தான் உள்பக்கம் மடித்து விடுவது.

குமிழி சீலிலேயே வந்தால் சீலின் வயதைப் பார்க்க வேண்டும். வெளிச்சத்தில் பிடித்து இரண்டு கையாலும் மெதுவாக இழுங்கள். என் பழைய உடையில் இப்படிப் பார்த்தபோது, இழுக்கும் வரை ஒன்றும் தெரியவில்லை. இழுத்ததும் வறண்ட குளத்து மண் மாதிரி நூற்றுக்கணக்கான மெல்லிய வெடிப்புகள் தெரிந்தன. விரலை எடுத்தால் ஓரம் பிசின் மாதிரி ஒட்டிக்கொண்டு வந்தது. அந்த நிலைக்கு வந்த லேடெக்ஸை எந்தப் பசையாலும் காப்பாற்ற முடியாது. நல்ல, இறுக்கமான லேடெக்ஸில் ஊசித்துளை மட்டும் என்றால், சைக்கிள் ட்யூப் ஒட்டுப் போடுவது போல லேடெக்ஸ் துண்டு ஒன்றை ரப்பர் பசையால் ஒட்டி அந்தப் பருவத்தை ஓட்டிவிடலாம். ஓரத்திலிருந்து கிளம்பிய கிழிசலை மட்டும் ஒட்டி நம்பாதீர்கள். தலையை நுழைக்கும் ஒரே இழுப்பில் அது கீழே வரை ஓடிவிடும்.

நம் ஆட்களுக்கு ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். லேடெக்ஸ் இயற்கை ரப்பர், எண்ணெய் பட்டால் ஊறி இளகும். தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்துக்கொண்டு அப்படியே சீலுக்குள் தலையை நுழைத்தால், ஒவ்வொரு முறையும் அதன் ஆயுளில் கொஞ்சம் போகிறது. சன் க்ரீமும் வாசலினும் இதே வேலையைச் செய்யும். முழுகி முடித்ததும் வெதுவெதுப்பான தண்ணீரில் மிதமான சோப்புப் போட்டுச் சீலை இரண்டு பக்கமும் கழுவி, நிழலில் காய விடுங்கள். வாசனை பவுடர் வேண்டாம், வாசனை கலக்காத சாதா டால்க் பவுடர் போதும்.

இனி நண்பரின் யோசனை. இதைத்தான் நான் கடுமையாக மறுக்கிறேன். கழுத்தின் இரு பக்கமும், தாடைக்குக் கீழே, ரத்த அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் இருக்கின்றன. அவற்றை இறுக்கினால், அழுத்தம் ஏறிவிட்டதாக எண்ணி மூளை இதயத் துடிப்பைக் குறைக்கும். தலை கிறுகிறுக்கும், மயக்கமே வரலாம். தண்ணீருக்கு அடியில் மயக்கம் என்றால் உயிருக்கே ஆபத்து. ஒழுகலை நிறுத்தக் கழுத்தை நெரிக்கக் கூடாது. சீல் கைக்குட்டை கட்டியது போல இருக்க வேண்டும், முகம் சிவக்கவோ தலை பாரமாகவோ இருந்தால் உடனே கழற்றுங்கள்.

கடைக்காரர் சொல்லும் சிலிக்கான் வளையம் நல்ல ஏற்பாடுதான், அதில் சந்தேகமில்லை. சீல் கிழிந்தால் பட்டறைக்கு அனுப்பாமல் கார் நிறுத்துமிடத்திலேயே நீங்களே மாற்றிக்கொள்ளலாம். லேடெக்ஸ் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு நிம்மதி. ஆனால் சிலிக்கானில் நகம் பட்டால்கூடப் போதும், சட்டென்று கிழியும், கையில் எப்போதும் இன்னொன்று இருக்க வேண்டும். சாதாரணப் பசை சிலிக்கானில் ஒட்டவே ஒட்டாது, அதனால்தான் வளையமே தேவைப்படுகிறது. மாதத்துக்கு மூன்று நான்கு முறை மூழ்குகிறவர்கள், வெளியூர்ப் பயணம் போகிறவர்கள் தாராளமாகப் போடுங்கள். வருடத்துக்குப் பத்து முறை குவாரிக்குப் போகிறவருக்குப் புது லேடெக்ஸ் சீலே போதும் என்பது என் கருத்து.

நீங்களே ஒட்டலாமா? கை சீலில் பழகலாம், கழுத்தை முதல் முறை தெரிந்தவரிடமே கொடுங்கள். பழைய பசையைச் சுரண்டி, உப்புத்தாள் தேய்த்து, துடைத்து, இரண்டு பக்கமும் மெல்லிசாகப் பூசி, காயவிட்டு, மறுபடி பூசி, தொட்டால் ஒட்டாத பதத்தில் சேர்க்க வேண்டும். சேர்த்தபின் நகர்த்த முடியாது. கெட்டியாக்கும் இறுக்கியைக் கலக்கும் பசைகளில் ஐசோசயனேட் என்ற நச்சு வேதிப்பொருள் இருக்கும், மூடிய அறையில் வைத்துச் செய்யவே கூடாது. எனக்கு ஒரு பட்டறை பழைய பசையின் மேலேயே ஒட்டிக் கொடுத்தது, ஒரே மாதத்தில் விளிம்பு உரிந்துவிட்டது. இப்படி நடந்தால் பேசாமல் இருக்காதீர்கள். பிரிட்டனின் 2015 நுகர்வோர் உரிமைச் சட்டப்படி வேலை நியாயமான கவனத்தோடும் திறமையோடும் செய்யப்பட வேண்டும், இல்லையென்றால் திரும்பச் செய்து தரக் கேட்கலாம். கொடுக்கும்போதே காற்றழுத்தச் சோதனையும் சேர்த்தா என்று கேட்டு, மொத்தத் தொகையை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

விற்றவர் விஷயத்துக்கு வருவோம். அவர் தனி ஆள், வியாபாரி இல்லை. தனி ஆளிடம் வாங்கும்போது, பொருள் விளம்பரத்தில் சொன்னபடி இருக்க வேண்டும் என்பதுதான் உங்களுக்கு உள்ள பிடி. நான்கு முறை ஒழுகாமல் இருந்திருக்கிறது, பல மாதமும் ஆகிவிட்டது. விற்ற அன்றே சீல் கெட்டிருந்தது என்று நிரூபிப்பது கடினம். மனம் விட்டுச் சொன்னால், வழக்கு வலுவானதில்லை. சீல் காரின் டயர் மாதிரி தேயும் பாகம், அதற்கு ஒதுக்கிய பிறகே பழைய உடையின் விலையைக் கணக்கிட வேண்டும். இதையே கடையில் வாங்கியிருந்தால் கதை வேறு: பழுதென்றால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணம் கேட்கலாம், 6 மாதத்துக்குள் தெரியும் பழுது ஆரம்பத்திலேயே இருந்ததாகவே சட்டம் கொள்ளும், இல்லை என்று காட்டுவது கடையின் பொறுப்பு.

கேள்வி: ஆன்லைனில் புது டிரைசூட் வாங்கினேன். லேடெக்ஸ் கழுத்து மூச்சு முட்டுகிறது. வெட்டிக்கொள்ளச் சொல்கிறார்கள். வெட்டலாமா?

பதில்: புது லேடெக்ஸ் சீல் பெரும்பாலும் கூம்பு வடிவில் இறுக்கமாகத்தான் வரும், ஆளுக்கு ஏற்ப வெட்டிக்கொள்வதுதான் வழக்கம். ஆனால் ஒரு நாள் பொறுங்கள். பிரிட்டனில் ஆன்லைனில் வாங்கியதை, காரணமே சொல்லாமல், கைக்கு வந்து 14 நாளுக்குள் வேண்டாம் என்று சொல்லலாம். கத்தரி வைத்த உடையைத் திருப்பினால், மதிப்புக் குறைந்த அளவுக்குப் பணத்தைப் பிடித்துக்கொள்ள விற்பவருக்கு உரிமை உண்டு. அதனால் தோள், கை, கால், பூட்ஸ் எல்லாம் பொருந்துகிறதா என்று முதலில் உறுதி செய்யுங்கள். நியோப்ரீன் சீல் என்றால் வெட்டவே வேண்டாம், இரவு முழுக்க சிலிண்டர் மேல் மாட்டி வைத்தால் இளகும்.

லேடெக்ஸுக்குக் கூரான பெரிய கத்தரி எடுங்கள். ஒருவர் சீலை இழுத்துப் பிடிக்க, இன்னொருவர் கத்தரியை முழுக்க மூடாமல் ஒரே ஓட்டமாக ஒரு சுற்று வெட்ட வேண்டும். நிறுத்தி நிறுத்தி வெட்டினால் ஓரத்தில் பல் விழும், பின்னால் கிழிவது அங்கேதான். அரை சென்டிமீட்டருக்கு மேல் ஒரே தடவையில் எடுக்காதீர்கள். வெட்டியதும் போட்டுக்கொண்டு பத்து நிமிடம் வீட்டுக்குள் நடங்கள், தலையை இரண்டு பக்கமும் திருப்பிப் பாருங்கள், இன்னும் முட்டினால் அடுத்த சுற்று.