பழைய கால்நடை மருத்துவமனை: பில்லும் சீட்டும் கேட்கலாமா?

கேள்வி: எங்கள் வீட்டில் தாத்தா காலத்திலிருந்தே நாய் வளர்க்கிறோம். தாம்பரத்தில் 35 ஆண்டுகளாக ஒரே கால்நடை மருத்துவரிடம்தான் காட்டி வருகிறோம். அவருக்கு வயதாகிவிட்டதால் இப்போது அவருடைய மகன் பார்க்கிறார். கட்டணம் குறைவு, நடுராத்திரியில் கூப்பிட்டாலும் போனை எடுப்பார். ஆனால் பில் தருவதில்லை, மருந்தைத் துண்டுச் சீட்டில் எழுதித் தருகிறார். பக்கத்தில் எக்ஸ்ரே, ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் உள்ள பெரிய கிளினிக் ஒன்று புதிதாக வந்திருக்கிறது. அங்கே மாறிவிடலாமா?

பதில்: நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் மாற வேண்டிய அவசியம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் கேட்டு வாங்க வேண்டியவற்றைக் கேட்காமலேயே தொடர்வதும் சரியன்று. வாயில்லாத ஜீவனுக்கு வலி எங்கே என்று சொல்லத் தெரியாது. குட்டியிலிருந்து அதைப் பார்த்து வரும் மருத்துவருக்கு அதன் வழக்கமான எடை எவ்வளவு, எந்த மருந்து போட்டபோது முகம் வீங்கியது, போன மழைக்காலத்தில் காதில் சீழ் வந்தது எப்படி ஆறியது என்பதெல்லாம் தெரிந்திருக்கும். பழைய மருத்துவமனையின் பெரிய சொத்து இந்த அறிவுதான். எந்தக் கருவியும் அதற்கு ஈடாகாது என்றே நான் நம்புகிறேன். ஆனால் அந்த அறிவு பெரியவரின் நினைவில் மட்டும் இருந்து ஏட்டில் ஏறாமல் இருந்தால், அவர் ஓய்வு பெற்ற நாளிலேயே அது உங்கள் கையை விட்டுப் போய்விட்டது. ஆகவே முதலில் கேட்க வேண்டியது, உங்கள் நாயின் சிகிச்சைக் குறிப்பு எழுதி வைக்கப்பட்டிருக்கிறதா, அதன் நகல் கிடைக்குமா என்பதுதான்.

தடுப்பூசி அட்டையையும் ஒரு முறை எடுத்துப் பாருங்கள். எங்கள் வீட்டு நாயின் அட்டை மடிப்பு விட்டுக் கிழிந்து, ஓரமெல்லாம் பழுப்பேறிக் கிடக்கிறது. ஆனாலும் அதன் ஒவ்வொரு வரியிலும் மருந்துக் குப்பியிலிருந்து உரித்து ஒட்டிய சிறிய ஸ்டிக்கர் இருக்கிறது. மருந்தின் பெயர், தொகுதி எண், காலாவதித் தேதி ஆகியவை அதில் அச்சாகியிருக்கும். பக்கத்தில் ஊசி போட்ட தேதி, அடுத்த தேதி, மருத்துவரின் கையெழுத்து. ஸ்டிக்கர் இல்லாமல் வெறும் கையெழுத்து மட்டும் இருக்கும் அட்டையை வைத்துக்கொண்டு எந்த மருந்து போடப்பட்டது என்று பின்னால் நிரூபிக்க இயலாது. மாநகராட்சியில் செல்லப்பிராணி உரிமம் எடுக்கப் போனாலும் வெறிநோய்த் தடுப்பூசிச் சான்றைத்தான் கேட்பார்கள்.

மகனைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இந்திய கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டம், 1984-இன்படி, கால்நடை மருத்துவப் பட்டம் பெற்றுக் கவுன்சிலில் பதிவு செய்தவர்தான் மருத்துவம் பார்க்கலாம். தந்தையின் பதிவு மகனுக்கு வந்து சேராது. அவருக்கென்று தனிப் பதிவு எண் இருக்க வேண்டும். அதைக் கேட்பது மரியாதைக் குறைவு என்று தயங்க வேண்டாம். முறையாகப் படித்துப் பதிவு செய்தவர் எவரும் அதற்காக வருத்தப்பட மாட்டார்.

பில் தராமல் இருப்பதைச் சிறிய விஷயமாக விட்டுவிடாதீர்கள். செய்த சேவைக்கு ரசீது தராததை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 நேர்மையற்ற வணிக நடைமுறையாகவே வரையறுக்கிறது. கால்நடை மருத்துவமனையின் சிகிச்சைக் கட்டணத்துக்கு ஜி.எஸ்.டி. விலக்கு உண்டு என்பதால், பில் போட்டால் வரி சேர்ந்து கட்டணம் கூடிவிடும் என்ற பேச்சுக்கு இடமில்லை. புதிய கிளினிக்கின் பில்லில் ஆலோசனைக் கட்டணத்தின் மீது ஜி.எஸ்.டி. போட்டிருந்தால் அதையும் தயங்காமல் கேளுங்கள். தனியாக வாங்கும் உணவு, ஷாம்பு போன்ற பொருட்களுக்கான வரி வேறு.

எக்ஸ்ரேயும் ஸ்கேனும் தேவைப்படும் நாள் வரும். எலும்பு முறிவு என்றால் எக்ஸ்ரே இல்லாமல் முடியாது. உண்ணிக் காய்ச்சல் என்ற சந்தேகம் வந்தால் ரத்தப் பரிசோதனை செய்துதான் ஆக வேண்டும். அப்போது "இது என்னிடம் முடியாது, அங்கே கொண்டுபோங்கள்" என்று பரிந்துரைக் கடிதம் எழுதித் தருகிறாரா என்று கவனியுங்கள். 1903-இல் தொடங்கிய வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை உங்களுக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. தன் எல்லை அறிந்து அனுப்பி வைப்பவராக இருந்தால் அவரை விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: இரண்டு மாதக் குட்டிக்குத் தனியார் கிளினிக்கில் முதல் தடுப்பூசி போட்டோம். ஊசி போட்டவர் டாக்டர் அல்ல, உதவியாளர். 12 நாள் கழித்து வாந்தியும் ரத்த பேதியுமாகி, பார்வோ (நாய்க்குட்டிகளைத் தாக்கும் வைரஸ் நோய்) என்று சொன்னார்கள். மூன்றாம் நாள் குட்டி இறந்துவிட்டது. வழக்குப் போடலாமா?

பதில்: உங்கள் வேதனை எனக்குப் புரிகிறது. ஆனாலும் உள்ளதை உள்ளபடி சொல்வதுதான் உங்களுக்கு நல்லது. தாய்ப்பால் வழியே வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடலில் மிச்சம் இருக்கும் வரை அது தடுப்பூசியை வேலை செய்ய விடாது. அது எந்த வாரத்தில் தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் ஆறு முதல் எட்டு வார வயதில் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில், 16 வாரம் ஆகும் வரை திரும்பத் திரும்ப ஊசி போடுகிறார்கள். ஒரே ஊசிக்குப் பிறகு பார்வோ வந்தது என்பது மட்டுமே கவனக்குறைவுக்குச் சான்றாகாது.

உதவியாளர் ஊசி போட்டதும் எல்லா நேரத்திலும் குற்றமாகிவிடாது. தடுப்பூசி, காயத்துக்குக் கட்டுப் போடுவது போன்ற சிறு பணிகளை, உரிய சான்றிதழ் பெற்று மாநில அரசால் அனுமதிக்கப்பட்டவர்கள் பதிவு பெற்ற மருத்துவரின் மேற்பார்வையில் செய்ய அந்த 1984 சட்டமே இடம் தருகிறது. அவரிடம் அந்தத் தகுதி இருந்ததா, மருத்துவர் அங்கே இருந்தாரா, ஊசிக்கு முன் குட்டியைப் பரிசோதித்தாரா என்பவைதான் கேள்வி. அடுத்த ஊசி முடியும் வரை குட்டியைத் தெருவில் விடாதீர்கள் என்று உங்களிடம் சொன்னார்களா, மருந்து காலாவதியாகாமல் இருந்ததா, அதை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் வைத்திருந்தார்களா என்பவையும் முக்கியம். இவற்றில் தவறு நடந்திருந்தால் உங்கள் புகாருக்கு வலு உண்டு. ஆனால் நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது. பிரேதப் பரிசோதனை செய்யாமல் புதைத்துவிட்டீர்கள் என்றால், அட்டை, பில், கிளினிக்கின் சிகிச்சைக் குறிப்பு, பரிசோதனை முடிவு ஆகியவைதான் உங்களுக்கு மிச்சம். அவற்றை இப்போதே எழுத்துமூலம் கேட்டு வாங்குங்கள்.

இழப்பீடு வேண்டுமென்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குச் செல்லலாம். சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனு போட வேண்டும். நீங்கள் கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் என்பதால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் வழி சொல்வார்கள். மருத்துவரின் நடத்தை பற்றிய புகாரை மாநில கால்நடை மருத்துவக் கவுன்சிலுக்கு அனுப்ப வேண்டும். கட்டணமே வாங்காத அரசு கால்நடை மருந்தகத்தில் நடந்திருந்தால் நுகர்வோர் சட்டம் பொருந்தியிருக்காது. நீங்கள் பணம் கொடுத்திருப்பதால் பொருந்தும்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பார்வோ கிருமி வீட்டிலும் மண்ணிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். உடனே இன்னொரு குட்டியைக் கொண்டுவந்து விடாதீர்கள். தரையை பிளீச்சிங் கரைசலால் கழுவுங்கள். பழைய தட்டையும் படுக்கையையும் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

கேள்வி: எங்கள் பூனைக்குக் கருத்தடை அறுவை செய்ய இருக்கிறோம். பணம் கட்டுவதற்கு முன் என்ன கேட்க வேண்டும்?

பதில்: மயக்க மருந்து, அறுவை, தையல் பிரிப்பு, மருந்து, மறுபரிசோதனை எல்லாம் சேர்த்து எவ்வளவு ஆகும் என்று மதிப்பீட்டை எழுத்தில் வாங்குங்கள். பிறகு செலவு கூடினால் உங்களைக் கேட்ட பின்பே செய்ய வேண்டும் என்பதையும் அதிலேயே எழுதச் சொல்லுங்கள். சம்மதப் படிவத்தைப் படித்துப் பார்த்துக் கையெழுத்திட்டு, ஒரு நகல் வாங்கிக்கொள்ளுங்கள். இரவு அங்கேயே தங்க வைப்பதாக இருந்தால், விளக்கை அணைத்துக் கதவைப் பூட்டிய பிறகு உள்ளே யார் இருப்பார்கள் என்று கேளுங்கள். "ஒருவரும் இருக்க மாட்டார்கள், காலையில் ஆள் வருவார்" என்று பதில் வந்தால், மயக்கம் நன்றாகத் தெளிந்துவிட்டது என்று மருத்துவர் சொன்னதும் பூனையை அன்று மாலையே வீட்டுக்குக் கொண்டுவந்து உங்கள் பக்கத்திலேயே படுக்க வையுங்கள்.